ஈரத்தைவிட எனக்கு அந்த வலைதான் பயம்

வாசகர் கடிதம்:

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு குடியிருப்பில் மூன்று வருடமாக இருக்கிறோம். குடியிருப்பின் நடுவே 11 ஏக்கரில் ஓர் ஏரி. 1972இல் மாட்டுப் பண்ணைக்காக மண்கரை போட்டுக் கட்டியதாம். கரை உயரம் 22 அடி. இப்போது படகு, தூண்டில், கரைமேல் நடைபாதை, சாய்பெஞ்சு என்று எல்லாருக்கும் பிடித்த இடமாகிவிட்டது. ஏரி எங்கள் வீட்டுக்காரர் சங்கத்துக்கு (எச்ஓஏ) சொந்தம். போன மாதம் என்னைச் சங்கக் குழுவில் சேர்த்து ஏரிப் பொறுப்பையும் கொடுத்துவிட்டார்கள்.

ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். மதுராந்தகம் பக்கம் விவசாயம். கரையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "கரை ஊறுதும்மா, யாரும் பாக்கலியா?" என்று கேட்டார். வெளிச்சரிவின் அடியில் ஒரு பாய் விரித்த அகலத்துக்குப் புல் எப்போதும் பச்சையாக இருக்கிறது, கால் வைத்தால் சொதசொதவென்கிறது. கரை முழுக்கப் பைன் மரங்கள். வெட்ட வேண்டும் என்கிறார் ஒருவர், வேர்தான் கரையைப் பிடித்திருக்கிறது என்கிறார் இன்னொருவர். தண்ணீர் வெளியேறும் இரும்புக் குழாயின் வாய் துருவேறிக் கிடக்கிறது. களை தின்பதற்காக விட்ட புல்கெண்டை மீன்கள் மழைநீரோடு போய்விடாமலிருக்கக் கலங்கலில் (மிகை நீர் வழிந்தோடும் வாய்) கம்பி வலை கட்டியிருக்கிறார்கள். கரைக்குக் கீழே ஓடையோரம் நான்கு வருடத்துக்கு முன் 14 வீடுகள் வந்துவிட்டன. நாங்கள் பயப்பட வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஈரத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள், வலையைப் பற்றி ஒரே வரி. என் கவலை அதற்கு நேர் எதிர். ஈரத்தைப் பார்த்து, அளந்து, ஆளைக் கூப்பிட நேரம் இருக்கிறது. வலைக்கு அந்த நேரம் கிடையாது. இந்த வாரமே அதை எடுத்துவிடுங்கள். சங்கக் கூட்டம் கூடட்டும், தீர்மானம் போடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தலைவரிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, மழை இல்லாத ஒரு காலையில் இரண்டு பேரைக் கூட்டிப்போய் அவிழ்த்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், மண்கரைக்கு ஒரே ஒரு விஷயம்தான் அறவே ஆகாது. அதன் தலைக்கு மேலே தண்ணீர் வழியக் கூடாது. கான்கிரீட் அணைமேல் கொஞ்சம் வழிந்தால் பல சமயம் தாங்கிவிடும். மண்கரை தாங்காது. வழிகிற தண்ணீர் வெளிச்சரிவில் இறங்கும்போது வேகம் பிடிக்கும், முதலில் புல்லை உரிக்கும், பிறகு மண்ணை அறுக்கும், அறுப்பு மேல்நோக்கி ஏறும். ஓரிரு மணி நேரத்தில் உடைப்பு எடுத்துவிடும். அப்படி வழியாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் கலங்கல் என்ற ஒன்றையே வைக்கிறோம். அதன் வாயை அடைப்பது, தூங்குகிறவரின் மூக்கைப் பொத்துவதுபோல.

வலை மட்டும் இருந்தால் தண்ணீர் போய்விடுமே என்று உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். வெறும் வலையில் போகும். ஆனால் புயல் மழையில் வலை வெறுமையாக இருக்காது. பைன் ஊசி, சுள்ளி, ஓக் இலை, கழன்று மிதந்து வரும் படகுத்துறைப் பலகை எல்லாம் ஓட்டத்தின் போக்கிலேயே வந்து வலையில்தான் ஒட்டும். மழை வலுக்க வலுக்க அடைப்பும் வலுக்கும். கலங்கல் முழுத்திறனில் ஓடவேண்டிய அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அது சுவராக நிற்கும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொதுப்பணித்துறையில் இளநிலைப் பொறியாளராகச் சேர்ந்த இரண்டாவது வருடம், வடகிழக்குப் பருவமழை, நவம்பர் இரவு. அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரி, பெயர் வேண்டாம். கலங்கலில் தண்ணீர் போகவில்லை, ஆனால் கரையில் தண்ணீர் ஏறுகிறது என்று ஊரிலிருந்து ஆள் ஓடிவந்தார். போய்ப் பார்த்தால், மீன் குத்தகை எடுத்தவர் கலங்கல் கற்களுக்கு நடுவே கம்பு நட்டு வலை கட்டியிருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவருக்கு அந்த மீன்தான் வருட வருமானம். வலை முழுக்க ஆகாயத்தாமரை இடுப்புயரத்துக்குச் சேர்ந்து, பாய் முடைந்ததுபோல் இறுகிக் கிடந்தது. டார்ச் அடித்துக் கரையைப் பார்த்தேன். மேல்மட்டத்துக்குத் தண்ணீர் ஒரு சாண்தான் பாக்கி. ஏரித் தண்ணீரைத் திறந்து மூடும் ஊர் நீர்க்கட்டி ஒருவர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அரிவாளால் ஓரத்துக் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். கடைசிக் கயிறு அறுந்தபோது எழுந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது. அன்றிலிருந்து எந்த ஏரிக்குப் போனாலும் முதலில் கலங்கலுக்குத்தான் போவேன், கரைக்குப் பிறகுதான்.

நீங்கள் இருக்கும் நாட்டிலேயே இதைவிடப் பெரிய பாடம் இருக்கிறது. பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற 72 அடி உயர மண் அணை. கால்வாய்க்காகக் கட்டியது, பிறகு கைமாறி 1879இல் ஒரு செல்வந்தர் சங்கத்திடம் வந்தது. மீன்பிடிக்க, படகு விட, கோடையைக் கழிக்க. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி அதில் ஓர் உறுப்பினர். அடியில் தண்ணீரை வெளியேற்ற இருந்த இரும்புக் குழாய்களை முந்தைய சொந்தக்காரர் பிடுங்கி விற்றிருந்தார், சங்கம் திரும்பப் போடவில்லை. கரைமேல் இரண்டு குதிரை வண்டி ஒன்றையொன்று தாண்டிப்போக வேண்டும் என்று உச்சியைத் தாழ்த்தி அகலப்படுத்தினார்கள். விலை கொடுத்து வாங்கிவிட்ட மீன் போய்விடக் கூடாது என்று கலங்கலில் இரும்புத் தட்டி வைத்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழை. தட்டியில் குப்பை அடைத்தது, தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்தது, கரை போனது. 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் ஊரிலும் வழியிலுமாக 2,209 பேர் இறந்தார்கள். உங்கள் ஏரி அதன் ஓரத்துக்குக்கூட வராது, அளவு அவ்வளவு சிறியது. ஆனால் தாழ்ந்த கரை, வேலை செய்யாத குழாய், மீனுக்காகக் கட்டிய தடுப்பு என்று அங்கே சேர்ந்த மூன்றில் ஒன்று உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டாவது இருக்கலாம்.

மூன்றாவதையும் நீங்களே பார்த்துவிடலாம். நடைபாதை போகும் கரையுச்சி நடந்து நடந்து எங்காவது தேய்ந்து பள்ளமாகியிருக்கும், பெரும்பாலும் பெஞ்சு இருக்கும் இடத்தில். கரை நெடுக ஒரே மட்டமாக இருந்தால்தான் அதன் உயரம் 22 அடி. ஓரிடத்தில் ஓரடி பள்ளம் இருந்தால் உங்கள் கரையின் உயரம் 21 அடி, அவ்வளவுதான். ஒரு மழை நாளில் குடையோடு போய்ப் பாருங்கள், உச்சியில் தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறதோ அங்கே மண் கொட்டி இறுக்கிப் புல் போட வேண்டும்.

மீனைத் தடுத்தே ஆகவேண்டும் என்றால் சதுரக்கண் வலை வேண்டவே வேண்டாம். கலங்கலின் அகலத்தைவிட நீளமாக, கிடைமட்டக் கம்பிகள் மட்டும் உள்ள தடுப்பு ஒன்று உண்டு. அதிலும் குப்பை சேரும், ஆனால் குறைவு. அதைக்கூடக் கலங்கலின் கொள்ளளவைக் கணக்குப் போட்ட பொறியாளர் சரி சொன்ன பிறகுதான் வைக்க வேண்டும். என் மனத்தைக் கேட்டால் மீன் போகட்டும் என்பேன். புதுக்குஞ்சு வாங்கிவிடலாம்.

இப்போது அப்பா கண்டுபிடித்த ஈரத்துக்கு வருகிறேன். அவர் சொன்ன சொல்லே சரியான சொல், கரை ஊறுகிறது. எல்லா மண்கரையும் ஊறும். 20 அடி தண்ணீரை ஐம்பது வருடம் ஒரு பக்கம் தேக்கி வைத்தால் மறுபக்கம் கொஞ்சம் எட்டிப்பார்க்கத்தான் செய்யும். நல்ல அணைகளில் இதை எதிர்பார்த்தே உள்ளே மணல் வடிகட்டி வைத்து, வரும் நீரை ஒழுங்காக வெளியே விடுவோம். 1972இல் பண்ணைக்குப் போட்ட கரையில் அது இருக்க வாய்ப்பு குறைவு. எனவே கேட்கவேண்டிய கேள்வி, தண்ணீர் வருகிறதா என்பதல்ல, தண்ணீரோடு மண் வருகிறதா என்பது. மண் வந்தால் கரைக்குள் ஒரு வளை உருவாகிக்கொண்டிருக்கிறது. வெளிவாயில் தொடங்கி ஏரியை நோக்கிப் பின்னோக்கிக் குடைந்துகொண்டே போகும். நண்டு வளையும் எலி வளையும் ஏரியை உடைத்த கதைகள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். உங்கள் பக்கம் அந்த வேலையை மஸ்க்ராட், பீவர் என்ற வளை தோண்டும் நீர்விலங்குகள் செய்யும். எதுவும் செய்யாவிட்டாலும் தண்ணீரே செய்யும்.

பார்க்கும் முறை எளிது. ஈரத்தின் கீழ்ப்பக்கம் கையால் ஒரு சின்ன வாய்க்கால் கீறி, ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் வைத்து ஒழுகலை ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கரையைத் தோண்ட வேண்டாம், மேல்மண்ணில் கீறினால் போதும். ஊறுகாய் தீர்ந்த கண்ணாடிப் பாட்டில் ஒன்றை நன்றாகக் கழுவி அதில் தண்ணீரைப் பிடியுங்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள், பிறகு சமையலறை ஜன்னலில் ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்திருக்கிறதா? முதல் நாள் கீறியதால் தண்ணீர் கலங்கியிருக்கும், அதை விட்டுவிட்டு மூன்றாம் நாள் பிடித்ததைக் கணக்கில் எடுங்கள். அடுத்து, ஒரு கேலன் பால் டப்பா நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். தேதி, ஏரியின் மட்டம், முந்தைய வாரம் மழை பெய்ததா, டப்பா நிறைந்த நேரம், தண்ணீரின் தெளிவு, இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை, கனமழைக்கு மறுநாள் கூடுதலாக ஒருமுறை.

இப்படி இரண்டு மாதம் எழுதிய நோட்டோடு வரும் வாடிக்கையாளர் எங்களுக்கு வரம். தெளிந்த நீர், எப்போதும் ஒரே அளவு, ஏரி இறங்கினால் தானும் குறைகிறது என்றால், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டிய கசிவு. ஏரி மட்டம் மாறாமலே ஒழுகல் கூடுகிறது, தண்ணீர் கலங்கி வருகிறது, அல்லது மணல் குமிழியிட்டுச் சிறு எரிமலை வாய்போல் குவிகிறது என்றால் அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். ஓட்டம் கண்ணுக்குத் தெரியக் கூடினால் முதல் அழைப்பு 911க்கு.

கசிவை அடைக்க முயலாதீர்கள். களிமண் வைத்து அப்புவது, சிமெண்ட் பூசுவது, பிளாஸ்டிக் விரிப்பது எல்லாமே கைவைத்தியம், எல்லாமே ஆபத்து. வெளிவாயை அடைத்தால் நீர் நிற்காது, உள்ளே அழுத்தம் ஏறி இன்னொரு பலவீனமான இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். வைத்தியம் அடைப்பதல்ல, வடிகட்டுவது. பொருத்தமான மணலும் அதன்மேல் சரளையும் போட்டால் தண்ணீர் வந்துகொண்டேயிருக்கும், மண் மட்டும் நின்றுவிடும். எந்த மணல், எவ்வளவு கனம் என்பது உங்கள் மண்ணைப் பார்த்துச் சொல்லவேண்டியது.

ஈரத்தைவிட என்னை உறுத்துவது அந்தத் துருவேறிய குழாய். அந்தக் காலத்துச் சிறு அணைகளில் பாதிக்குமேல் ஒரே அமைப்பைத்தான் பார்த்திருக்கிறேன். ஏரிக்குள் நட்டுநிற்கும் ஒரு குழாய், அதன் காலிலிருந்து கரையை ஊடுருவி வெளியே வரும் இன்னொரு குழாய், இரண்டும் மடிப்பு மடிப்பான இரும்புத் தகடு. அந்தத் தகட்டின் ஆயுள் மண்ணையும் நீரையும் பொறுத்து 25 முதல் 50 வருடம். உங்களுடையது 50ஐத் தாண்டிவிட்டது. வாய் துருவேறியிருப்பது பெரிதல்ல, அது காற்றில் இருக்கும் பகுதி. கரைக்கு நடுவில் அடித்தகட்டில் ஓட்டை விழுந்தால் சுற்றியுள்ள மண் குழாய்க்குள் உதிர்ந்து போய்க்கொண்டேயிருக்கும், வெளியே யாருக்கும் தெரியாது. ஒருநாள் நடைபாதையில் வாளி அளவுக்கு ஒரு குழி விழும். பிள்ளைகள் யாராவது முயல் வளை என்பார்கள். குழாய் போகும் கோட்டுக்கு நேர்மேலே எந்தக் குழி விழுந்தாலும் அதை மண் போட்டு மூடிவிட்டுப் போகாதீர்கள், உடனே ஆளைக் கூப்பிடுங்கள். குழாய் வாயில் இன்னொன்றையும் பாருங்கள். தண்ணீர் குழாய்க்குள்ளிருந்து வருகிறதா, அல்லது வெளிப்புறத்தை ஒட்டி, மண்ணுக்கும் தகட்டுக்கும் இடையிலிருந்து வருகிறதா? இரண்டாவது என்றால் அது பாய் அகல ஈரத்தைவிட அவசரம்.

செய்யவேண்டியது, கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் நிறுவனத்தை அழைப்பது. சாக்கடைக் குழாய்க்குச் செய்பவர்களே செய்வார்கள். குழாய் உருக்குலையாமல் இருந்தால் அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் குழாயை நுழைத்து இடைவெளியைச் சாந்தால் நிரப்பிவிடலாம். உருக்குலைந்திருந்தால் கரையை வெட்டித்தான் மாற்ற வேண்டும். சங்கத்தின் சேமிப்பு நிதியை மொத்தமாக விழுங்கக்கூடிய வேலை அது. ஏரியை வடிக்கும் வால்வு ஒன்று அடியில் இருக்கும். பல வருடம் திறக்காததை நீங்களாகத் திருக வேண்டாம், திறந்தால் மூடாது. பொறியாளர் வரும் நாளில் திறந்து பார்க்கட்டும். ஏரியை இறக்கவேண்டி வந்தாலும் நாளுக்கு ஓரடிக்கு மேல் இறக்குவதில்லை என்பது பொதுவான கணக்கு. வேகமாக இறக்கினால் ஊறிப்போன உள்சரிவு தாங்கல் இழந்து சரிந்துவிடும். உயிர் ஆபத்து நேரம் மட்டும் இதற்கு விலக்கு.

மரங்கள் விஷயத்தில் உங்கள் குழுவில் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. கரையில் மரம் கூடாது என்பது சரி. பைன் வேர் கரையைப் பிடித்திருப்பது போலத் தோன்றும். ஆனால் புயலில் ஒரு மரம் சாய்ந்தால் வேர்த்தட்டோடு மூன்று நான்கு அடி ஆழத்துக்குக் கரையைப் பெயர்த்துக்கொண்டு போகும், அதுவும் ஏரி நிரம்பி நிற்கிற அதே நேரத்தில். மரம் செத்தால் வேர் மக்கி, கரைக்குள் ரெடிமேடாக ஒரு குழாய். அதோடு நிழலில் புல் வளராது, புதர் இருந்தால் கசிவு கண்ணில் படாது. அதனால் நாளையே வெட்டிவிடலாமா என்றால், கூடாது. பெரிய மரத்தை வெட்டி அடிக்கட்டையை விட்டுவைப்பது, மக்கும் வேரை நாமே நட்டதுபோல. கட்டையையும் பெருவேரையும் எடுத்து, குழியை அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்க வேண்டும். அதற்கு ஏரியை இறக்க வேண்டியிருக்கும். எனவே கை விரலைவிடத் தடிமனாகாத கன்றுகளை இப்போதே எடுங்கள், பெரியவற்றைப் பொறியாளரின் திட்டப்படி எடுங்கள். கரையடியிலிருந்து இருபத்தைந்து அடிவரை மரமில்லாமல் வைத்துக்கொள்வது நல்லது.

"நம்ம ஊரு ஏரிக்கரையில பனை வைக்கிறோமே?" என்று அப்பா கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். பனைக்கு மரம்போல் பருத்துக் கிளைக்கும் வேர் கிடையாது; விரல் தடிமனில் நார்நாராக ஒரு கொத்துதான். நம் ஏரிகளில் தண்ணீர் வருடத்தில் சில மாதம்தான் நிற்கும், கரை காய நேரம் கிடைக்கும். உங்கள் ஏரி வருடம் 365 நாளும் நிறைந்து நிற்கிறது. அங்கே சரியானது இங்கே பொருந்தாது.

இனி கீழே உள்ள 14 வீடுகள். உங்கள் ஊரிலிருந்து வடகிழக்கே ஒன்றரை இரண்டு மணி நேரப் பயணத்தில் டொக்கோவா என்ற ஊர். அங்கே ஒரு கிறிஸ்தவக் கல்லூரிக்கு மேலே கெல்லி பார்ன்ஸ் என்ற மண் அணை இருந்தது. 1899இல் மரச்சட்டமும் கல்லுமாகத் தொடங்கி, பிறகு மண்ணேற்றி உயர்த்திய அணை. 1957 வரை மின்சாரத்துக்கு, அதன் பிறகு வெறும் பொழுதுபோக்கு ஏரி, சுமார் 40 ஏக்கர். 1973இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் வெளிச்சரிவில் 12 அடி உயரம், 30 அடி அகலத்துக்கு மண் சரிந்திருப்பது தெரிகிறது. 1977 நவம்பர் 6, நாலைந்து நாள் மழைக்குப் பிறகு, இரவு ஒன்றரை மணிக்கு அணை உடைந்தது. ஏரி 186 அடி அருவியின் வழியாகக் கல்லூரி வளாகத்தில் இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவால் ஒரே காரணத்தைச் சுட்ட முடியவில்லை. செங்குத்தான சரிவு, ஊறல், உள்ளரிப்பு எல்லாம் சேர்ந்திருக்கலாம் என்றுதான் எழுதினார்கள். அந்தப் புகைப்படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பிசையும். நான்கு வருடம் முன்பே கரை காட்டியிருக்கிறது, பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இருக்கவில்லை. ஜார்ஜியாக்காரரான ஜனாதிபதி கார்ட்டர் அதன் பிறகுதான் நாடெங்கும் ஆபத்து அதிகமுள்ள தனியார் அணைகளைச் சோதிக்க ராணுவப் பொறியாளர் படைக்கு உத்தரவிட்டார். 1978இல் ஜார்ஜியா தன் பாதுகாப்பான அணைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. உங்கள் கரையைக் கட்டுப்படுத்தும் சட்டம் அதுதான்.

அந்தச் சட்டப்படி 25 அடியோ அதற்கு மேலோ உயரம், அல்லது உச்சமட்டத்தில் 100 ஏக்கர்-அடி (ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி) கொள்ளளவு, இரண்டில் ஒன்று இருந்தால் அது 'அணை'. 22 அடிதானே, நமக்கு வராது என்று உங்கள் சங்கம் நினைத்திருக்கலாம். நான் கைக்கணக்குப் போட்டேன். பரப்பு 11 ஏக்கர், ஆழம் 20 அடி என்று வைத்து, ஓரங்களில் ஆழம் குறைவு என்பதால் 0.4 ஆல் பெருக்கினால் 88 ஏக்கர்-அடி. கலங்கல் மட்டத்துக்கு மேல் கரையுச்சி வரை இரண்டடி ஏறினால் இன்னும் 22. மொத்தம் 110. சாதாரண நாளில் உள்ள 88ஐ மட்டும் எடுத்தாலும் சுமார் 11 கோடி லிட்டர். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஒன்பதாயிரம் லாரி, அந்த ஓடையில் ஒரே நேரத்தில்.

அணையின் வகை, அதன் உடல்நிலையைச் சொல்வதல்ல. உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்வது. உயிரிழப்பு நேரக்கூடும் என்றால் முதல் வகை. 1972இல் உங்கள் கரைக்குக் கீழே மேய்ச்சல் நிலம்தான் இருந்திருக்கும். கரை மாறவில்லை, ஆனால் நான்கு வருடத்துக்கு முன் அதன் வகை மாறியிருக்க வேண்டும். ஜார்ஜியா சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பிரிவில் உள்ள பாதுகாப்பான அணைகள் திட்டத்துக்கு எழுதி, எங்கள் ஏரி பதிவில் இருக்கிறதா, எந்த வகை, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் குழுவில் எதிர்ப்பு வரும். அரசைக் கூப்பிட்டால் கலங்கலை அகலப்படுத்து, கரையை உயர்த்து என்று பெரிய தொகையில் கொண்டுவந்து விடுவார்கள் என்பார்கள். அந்தப் பயம் பொய்யல்ல, அப்படி நடக்கலாம். முதல் வகை அணைக்குக் கேட்கப்படும் கலங்கல் கொள்ளளவு உங்களுடையதைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும். மேற்பக்கம் வீடும் சாலையும் பெருகிவிட்டதால் அன்று பெய்த அதே மழை இன்று வேகமாக ஏரிக்கு வருகிறது, அதையும் சேர்க்க வேண்டும். என் கருத்து, கேட்டே ஆகவேண்டும். சொந்தக்காரர் நீங்கள், அந்த 14 வீட்டாருக்கு உங்கள் கரையைத் தொட்டுப் பார்க்கக்கூட உரிமை இல்லை. முழுச்செலவு முடியாது என்றால் ஏரி மட்டத்தை நிரந்தரமாக ஐந்தாறு அடி இறக்குவது, முறைப்படி கரையைத் திறந்து ஓடையாக்கிவிடுவது ஆகியவையும் வழிகள். 2015 அக்டோபர் மழையில் பக்கத்து தென் கரோலினாவில் ஏறக்குறைய 50 அணைகள் உடைந்தன. கொலம்பியா நகரில் உங்களைப் போன்ற குடியிருப்பு ஏரிகளும் அதில் உண்டு. சில ஏரிகள் பணம் சேராமல் ஆண்டுக்கணக்கில் சேறாகக் கிடந்தன. உங்கள் ஜார்ஜியாவிலேயே 1994 ஜூலையில் ஆல்பெர்ட்டோ புயல் மழை 200க்கும் மேற்பட்ட சிறு அணைகளை உடைத்தது. பெரும்பாலும் கரைமேல் வழிந்துதான்.

பொறியாளர் வருவதற்குள் நீங்களே ஒரு காகிதம் தயார் செய்யுங்கள். 14 வீட்டாரின் தொலைபேசி எண்கள், மாவட்ட அவசரகால அலுவலகம், பொறியாளர், மாநில அணைப்பிரிவு, வால்வு எங்கே, சாவி யாரிடம். ஆபத்து நேரத்தில் "ஏரியில் ஏதோ கசிவு" என்று சொன்னால் தோட்டக்காரரை அனுப்புவார்கள். "அணை உடையக்கூடும், கீழே 14 வீடு, உடனே காலி செய்ய வேண்டும்" என்று அந்தச் சொற்களிலேயே சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நாளில் சொல்ல இன்னொருவரையும் பழக்குங்கள்.

காப்பீடு கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தைத் தாங்காது, வெள்ளக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். வெள்ள வரைபடத்தில் தங்கள் வீடு இல்லை என்று கீழ்வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். அந்த வரைபடங்கள் பொதுவாக அணை உடைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

புல்கெண்டை ஏன் தேவைப்பட்டது என்பதையும் யோசியுங்கள். ஏரியைச் சுற்றியுள்ள புல்வெளிகளுக்குப் போடும் உரம் மழையில் இறங்கித்தான் களையாகவும் பாசியாகவும் வருகிறது. தண்ணீரோரம் பத்தடி அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விட்டால் மீன் செய்யும் வேலையில் பாதி குறையும். கரையின் மேல் மட்டும் அப்படி விடாதீர்கள், அங்கே புல் கட்டையாக இருந்தால்தான் கண் எட்டும். பிள்ளைகளைக் கலங்கல் பக்கமும், தண்ணீருக்குள் நட்டுநிற்கும் குழாய்ப் பக்கமும் படகில் விடாதீர்கள். மழை நாளில் அதன் இழுப்பு பெரியவர்களையே திரும்ப விடாது.

அப்பா எப்போது ஊர் திரும்புகிறார் என்று எழுதவில்லை. போவதற்குமுன் அவரோடு கரைக்குப் போங்கள். ஈரம் எங்கே முடிந்து காய்ந்த புல் எங்கே தொடங்குகிறது என்று அவர் காலுக்குத் தெரியும். அந்த எல்லையைச் சுற்றி அவர் கையாலேயே ஒரு சாண் மரமுளை ஏழெட்டு அடிக்கச் சொல்லி, முளைக்குத் தேதி எழுதி ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து ஈரம் முளையைத் தாண்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள்.